கிராணியிடம் கேட்டுச் சொல்லும் சர்வர்

கம்பெனியின் ஏழு தோட்டங்களையும் பார்த்துக்கொள்ளும் அந்த வட்டார அலுவலகம் லாபுவில், செம்பனை வரிசைகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. அதன் பின்பக்க அறையில் பதினான்கு வருடமாக வேலை செய்பவள் ரோகினி. கதவில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்று மலாயில் எழுதியிருக்கிறது. தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘ஐஸ் ரூம்’ என்பார்கள். உள்ளே ஏர்கோன் எப்போதும் பதினெட்டில் ஓடும். வெளியில் என்ன வெயில் அடித்தாலும் ரோகினி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார், அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அவளுக்குப் பதினோரு வயதானபோது தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட, குடும்பம் அம்பாங்கானில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தது. பெரியவர்கள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார்கள். ரோகினிக்கு அந்த வருத்தம் இல்லை. படிக்கத் தனியாக ஒரு மேசை அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அந்த வீட்டில்தான். பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, சிரம்பானில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் நான்கு வருடம் இருந்தாள். யாரோ மூடிவிட்டுப் போன ஓர் இணைய நிறுவனத்தின் பழைய சர்வர்கள் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் பெர்ல் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டாள். அதை இப்போது யாரும் விரும்பிக் கற்பதில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. எழுத்தையும் பெயரையும் வெட்டி ஒட்டுவதற்கு அதைப்போல வேறொன்று இல்லை என்று இன்றும் சொல்வாள்.

கம்பெனியில் சேர்ந்த பிறகு அவள் கைக்கு வந்தது டைரக்டரி சர்வர். கணினிக்குள் இருக்கிற பெரிய பெயர்ப் புத்தகம் என்று அதைச் சொல்லலாம். அலுவலகத்தில் யார் கணினியைத் திறந்தாலும், போனில் யார் பெயரைத் தேடினாலும், அந்த இயந்திரங்கள் எல்லாம் டைரக்டரியைத்தான் கேட்கும்: இவர் யார், எந்தத் தோட்டம், என்ன நம்பர்? அது தன் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லும். அலுவலக ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை கிளினிக் வந்த பிறகு தொடங்கியது. ஏழு தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு கிளினிக் கட்டி, அங்கே வரும் தொழிலாளியின் பெயரைத் தட்டினால் அவருடைய விவரம் திரையில் வர வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. தொழிலாளர்களின் பெயர்கள் டைரக்டரியில் இல்லை. அவை அந்தந்தத் தோட்டத்துக் கிராணியிடம், அதாவது ஆபீஸ் கிளார்க்கிடம், பழைய ஆட்பதிவேட்டு மென்பொருளில் இருந்தன. கிளினிக் மென்பொருளை விற்றவர்கள் எளிதான வழி ஒன்று சொன்னார்கள். தினமும் ஒருமுறை பதிவேட்டைப் பிரதி எடுத்து டைரக்டரிக்குள் கொட்டிவிடலாம். அப்படியே செய்தார்கள். மூவாயிரத்து எழுநூறு பெயர். எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரோகினியின் மேசையில் போன் அடித்தது. புக்கிட் மெராந்தித் தோட்டத்துக் கிராணி இராஜமாணிக்கம். அறுபதை நெருங்குகிறவர், சத்தம் போட்டுப் பேசாதவர்.

“ரோகினி, பசியாறியாச்சா?”

“ஆச்சுங்க ஐயா. சொல்லுங்க.”

“நம்ம கன்னு நர்சரியில மயிலம்மாள் இருக்குல்ல, அத கொளவி கொட்டிருச்சு. மொகமெல்லாம் வீங்கிப் போச்சு. கிளினிக்குக்குக் கொண்டாந்தோம். நர்ஸ் பேர தட்டிப் பாத்துட்டு இப்படி ஒரு ஆளே இல்லங்குது.”

“ஸ்பெல்லிங் மாத்திப் பாத்தாங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு. நான் மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு ரிஜிஸ்டர் பேப்பரோட நேரா வந்துட்டேன். இப்ப ஊசி போட்டாச்சு, பரவால்ல. ஆனா முப்பது வருசமா இங்க வேல செய்யிற ஆளும்மா அது. ஒன் மிஷின் இல்லன்னு சொல்லுது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டுப் பிரதி எடுக்கும் நிரலின் பதிவுகளைத் திறந்தாள். யாரும் படிக்காத ஒரு கோப்பில், ஒவ்வொரு நாளும் ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது: குடும்பப் பெயர் இல்லை, தவிர்க்கப்பட்டது.

விஷயம் இதுதான். டைரக்டரியின் விதிப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் கட்டாயம். தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? விற்றவர்கள், அடையாள அட்டையில் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கான மலாய்க் குறிக்குப் பின்னால் வரும் அப்பா பெயரை எடுத்துக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள். மயிலம்மாளின் அட்டையில் எழுதியவர் அப்பா பெயரையே எழுதவில்லை. மயிலம்மாள், அவ்வளவுதான். லொம்போக் தீவிலிருந்து வந்திருந்த ஆட்களில் பலருக்கும் ஒற்றைப் பெயர்தான். அன்று ரோகினி எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினான்கு பேர் டைரக்டரியில் இல்லாமல் இருந்தார்கள். ஒரு வருடமாக.

அடுத்த நாளே அவர்களைச் சேர்த்துவிட்டாள். ஆனால் தோண்டத் தோண்ட வேறு வந்தது. கிராணி போன் நம்பர் மாற்றுவார், கிளினிக்கில் நாளைக்குத்தான் தெரியும். ஒருவர் தோட்டம் மாறுவார், இரண்டு இடத்திலும் இருப்பார். கிளினிக்கில் யாராவது ஒரு பெயரைத் திருத்தினால், மறுநாள் வரும் பிரதி அதை அழித்துவிடும். ஒரு வாரம் ஒட்டுப்போட்ட பிறகு அவளுக்குத் தெளிவாயிற்று. பிரதியைச் சரி செய்வது வேலை இல்லை. பிரதி எடுப்பதை நிறுத்துவதுதான் வேலை.

அந்த டைரக்டரி மென்பொருளுடன் வந்த கையேட்டில், யாரும் போகாத ஒரு மூலையில், அவளுக்கு வேண்டியது இருந்தது. சர்வர் தன் சொந்தப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. கேள்வி வந்ததும் அதை நாம் எழுதிய ஒரு நிரலிடம் கொடுக்கச் சொல்லலாம். நிரல் எங்கே போய்த் தேடுகிறது என்று சர்வர் கேட்காது. கிடைத்த பதிலைத் தன் பதிலாகவே திருப்பிக் கொடுக்கும். தேடு, ஒப்பிடு, சேர், மாற்று, நீக்கு என்று ஐந்தாறு வேலைகளுக்கு ஒவ்வொரு துண்டு எழுதினால் போதும். பெர்லிலேயே எழுதலாம் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ரோகினி எழுந்து போய் ஒரு கப் மைலோ கலக்கிக்கொண்டு வந்து மூன்றாவது தடவை படித்தாள்.

பிரிவுத் தலைவர் ஜீவானந்தன் யாழ்ப்பாணத் தமிழர் வழி வந்தவர். தாத்தா ரயில்வேயில், அப்பா தபால் ஆபீசில், இவர் கம்ப்யூட்டரில். நிதானமான மனிதர். அவளை முழுக்கப் பேசவிட்டுக் கேட்டார்.

“ஐடியா நல்லா இருக்கு ரோகினி. ஆனா ஒரு கேள்வி. நாளைக்கு நீங்க வேலைய விட்டுட்டுப் போனா இத யார் பாக்கிறது?”

“எழுதி வைக்கிறேன் சார். ஒவ்வொரு வரிக்கும்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினம். நானும் சொல்லியிருக்கிறன், பிறகு எழுதினதில்ல.” சிரித்தார். அவருடைய பேச்சில் வீட்டுத் தமிழும் ஆபீஸ் தமிழும் கலந்து வரும். “சரி. ஸ்டோர்ல ஒரு பழைய மெஷின் சும்மா கிடக்கு. ரெண்டு வாரம் எடுங்க. முதல்ல டாக்குமெண்ட், பிறகு கோட். ஓகே?”

“ஓகே சார்.”

நிரல் தேடுவதற்குப் பதிவேட்டின் கதவைக் கிராணிகள் திறந்துவிட வேண்டும். வியாழக்கிழமை ரோகினி தன் மைவி காரை எடுத்துக்கொண்டு புக்கிட் மெராந்திக்குப் போனாள். இராஜமாணிக்கம் ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“உள்ள வர்றதுக்குப் பாஸ்வர்ட் வேணும். சரி. எழுதவா, படிக்கவா?”

“படிக்க மட்டும்தான் ஐயா.”

“நெசமாவா? போன வருசம் ஒங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து இப்படித்தான் சொன்னாரு. அப்புறம் பாத்தா எட்டுப் பேரோட பொறந்த தேதி ஒன்னாம் தேதி ஒன்னாம் மாசம் ஆயிருச்சு.”

அவள் மடிக்கணினியைத் திறந்து, முந்தைய நாள் எழுதியிருந்த துண்டுகளைக் காட்டினாள். சேர், மாற்று, நீக்கு என்ற மூன்றுக்கும் அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. யார் கேட்டாலும் அது ஐம்பத்து மூன்று என்ற எண்ணைத் திருப்பிக் கொடுக்கும்.

“அப்படின்னா?”

“செய்ய இஷ்டமில்லன்னு அர்த்தம் ஐயா. சர்வர் பாஷையில அதுக்கு ஒரு நம்பர் இருக்கு.”

இராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். “முடியாதுன்னு இல்ல, இஷ்டமில்லன்னு. நல்லா இருக்கு லா இது. எனக்கும் அந்த நம்பர் ஒன்னு குடு, மேனேஜர் கேட்டா சொல்றேன்.”

பாஸ்வர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு தன் திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘குறிப்பு’ என்ற கட்டம் இருந்தது. மற்றத் தோட்டங்களில் அது காலி. இவர் அதில் முப்பது வருடம் எழுதியிருந்தார். பிறப்புப் பத்திரத்தில் மோனியாண்டி, அசல் முனியாண்டி. லாரி முத்தாயி, டிரைவரோட சம்சாரம். சுபர்மான் இரண்டு பேர், இவர் உயரமானவர். மயிலம்மாள் பெயருக்கு எதிரே ‘நர்சரி மயிலு, பென்சிலின் ஆகாது’ என்று இருந்தது.

“இத யாரும் பாக்க மாட்டாங்க ஐயா,” என்றாள் ரோகினி. “பிரதி எடுக்கறப்ப இந்தக் கட்டத்த விட்டுட்டாங்க.”

“தெரியும். எனக்காக எழுதி வச்சதுதானே.”

“இனிமே பாப்பாங்க.”

அவள் அங்கேயே, அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அந்தக் குறிப்புகளைப் படித்தாள். அவர் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டே இடையிடையே ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் சொன்னார். மத்தியானம் கேன்டீனிலிருந்து இரண்டு பொட்டலம் மீகோரெங் வந்தது. ஐஸ் ரூமில் பன்னிரண்டு வருடம் இருந்ததில், தான் வைத்துக் காக்கிற பெயர்களுக்குப் பின்னால் இருக்கிற ஆட்களைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

நிரல் வளர்ந்தது. குறிப்புக் கட்டத்திலும் தேடச் செய்தாள். ரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவதற்காக ஒரு தனித் துண்டு எழுதினாள். அது உயிரெழுத்துகளைக் கழற்றிவிட்டு, இரட்டித்த எழுத்தை ஒன்றாக்கி, T, TH, D, DH எல்லாவற்றையும் ஒரே எழுத்தாகப் பார்க்கும். முனியாண்டியை எப்படித் தட்டினாலும் முனியாண்டி வந்து நிற்பார். குடும்பப் பெயர் கட்டாயம் என்ற விதிக்கு, அப்பா பெயரைப் போடாமல், அவரவர் பெயரையே போட்டாள், அலுவலக ஆட்களுக்கும்.

ஜீவானந்தன் அதைச் சோதித்துப் பார்க்கத் தன் பெயரைத் தட்டினார். திரையில் வந்ததைப் படித்தார்.

“பேங்க், இன்சூரன்ஸ், கார் கடை எல்லாரும் எனக்கு மிஸ்டர் துரைசிங்கம் எண்டுதான் கடிதம் போடுறாங்கள். அது எங்கட அப்பா. அவர் போய்ப் பத்து வருஷம்.” நாற்காலியில் சாய்ந்தார். “இந்த மெஷின்தான் என்னை ஜீவானந்தன் எண்டு கூப்பிடுது.”

இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை புதிய ஏற்பாட்டைத் திறந்துவிட்டார்கள். அன்று காலை ஆறரைக்கே ரோகினி பாரோய் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள். கணவன் ரவிச்சந்திரன்தான் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டான்.

ஏழேகாலுக்கு எல்லாம் நின்றுவிட்டது. தொழிலாளர் பெயர் மட்டும் இல்லை, அலுவலகத்திலேயே ஒருவராலும் கணினியைத் திறக்க முடியவில்லை. போனில் பெயர் வரவில்லை. கிளினிக்கில் திரை உறைந்து நின்றது. வரிசையாக ஆட்கள் ஐஸ் ரூம் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நிரலை நிறுத்திவிட்டுப் பழைய பிரதியைத் திரும்பப் போட ரோகினிக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. எட்டு மணிக்கு எல்லாரும் தங்கள் தங்கள் வேலைக்குப் போனார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

ஜீவானந்தன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்ன நடந்தது?”

“தெரியல சார். பாக்கணும்.”

“பாருங்க. நான் மேல சொல்லிக்கிறன்.”

பார்த்தாள். காரணம் மத்தியானத்துக்குள் கிடைத்தது. முந்தைய நாள் இடி விழுந்ததில் ஒரு தோட்டத்தின் லைன் அறுந்திருந்தது. அந்தத் தோட்டத்து ஆளைப் பற்றிக் கேள்வி வந்ததும் அவள் நிரல் அங்கே போய்த் தட்டிவிட்டு, பதிலுக்காக அரை நிமிடம் காத்து நின்றது. சர்வரோ அவள் நிரலிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கொடுக்கும். ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, முடிந்து ஆட்கள் வேலைக்குப் பிரிகிற நேரம், ஏழு தோட்டமும் கிளினிக்கும் ஒன்றாகக் கேட்கிற நேரம் அது. கையேட்டில் இதைப் பற்றி அரை வரி எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தும் அவள் அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் ரவிச்சந்திரன் முகத்தைப் பார்த்தே கேட்டான், “சொதப்பிருச்சா?”

“ம்.”

“நீ எழுதினது தப்பா, நீ நெனச்சது தப்பா?”

அவன் நீலாயில் மின்சார வேலை செய்பவன். கணினி தெரியாது, ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். ரோகினி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். “நெனச்சது சரிதான். காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு அதுக்குச் சொல்லித் தரல.”

“அப்ப சொல்லிக் குடு. ரசம் போடவா?”

அந்த வாரம் மூன்று மாற்றம் செய்தாள். தோட்டம் இரண்டு வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் காத்திருக்கக் கூடாது. கடைசியாகக் கிடைத்த பதிலை நினைவில் வைத்திருந்து, ‘இது இன்ன நேரத்துப் பதில்’ என்ற குறிப்போடு அதைக் கொடுக்க வேண்டும். இந்த நிரலை ஓட்டுவது தனி சர்வராக, தனி இயந்திரத்தில் இருக்க வேண்டும். அது நின்றாலும் பெரிய டைரக்டரி நிற்காது. பிறகு அவளே ஐந்து கணினிகளை வைத்து, பெரட்டு நேரத்துக்கு இரண்டு மடங்கு கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்க வைத்து, நடுவில் ஒரு வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். நிற்கவில்லை. இன்னொரு வயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஏழேகாலுக்கு ஜீவானந்தன் இரண்டு கோப்பியோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விகள் திரையில் வரி வரியாக ஏறின. ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. கதவுக்கு ஒருவரும் வரவில்லை. கோப்பி தீர்ந்ததும் அவர், “டாக்குமெண்ட்ல பதினாலாம் பக்கத்தில ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் முழுவதும் படித்திருக்கிறார் என்று அதில் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் கிளினிக் நர்ஸ் நிரஞ்சனா போன் செய்தாள். “அக்கா, இந்தக் குறிப்புல ‘பென்சிலின் ஆகாது’ன்னு வருதே, இது எங்கேர்ந்து வருது? எங்ககிட்ட இல்லையே.”

“கிராணி ஐயா எழுதி வச்சது. அவருகிட்டேர்ந்துதான் நேரா வருது.”

“அப்ப நான் எங்க கார்டுலயும் ஏத்திக்கிறேன். இப்படி வேற யாருக்காச்சும் இருக்கா?”

“புக்கிட் மெராந்தியில பத்தொன்பது பேருக்கு இருக்கு. லிஸ்ட் அனுப்புறேன்.”

மற்ற ஆறு தோட்டத்துக் கிராணிகளும் மெல்ல மெல்லக் குறிப்புக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினார்கள். யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கிளினிக்கில் தாங்கள் எழுதியது உடனே தெரிகிறது என்று தெரிந்ததும் அவர்களாகவே எழுதினார்கள். நேபாளத்து ஆட்களின் பெயர்களுக்காக ரோகினி நிரலில் ஒரு துண்டு சேர்த்தாள், பிறகு வங்காளதேசத்து ஆட்களுக்கு ஒன்று. அதற்காகச் சனிக்கிழமைகளில் இரண்டு மூன்று தடவை தொழிலாளர் விடுதிக்குப் போய், எப்படிக் கூப்பிடுவார்கள், எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடக் கடைசியில் சைபர்ஜெயாவில் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. பெரிய வேலை, பெரிய கட்டடம். நேர்முகத்துக்குப் போனாள். நன்றாகத்தான் நடந்தது. திரும்பி வரும் வழியில் நீலாயில் ரவிச்சந்திரனை ஏற்றிக்கொண்டாள்.

“எப்படி?” என்றான்.

“அவங்ககிட்ட பத்து லட்சம் பேர் இருக்காங்களாம், டைரக்டரியில.”

“அடேங்கப்பா. போறியா?”

ரோகினி சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினாள். “அதுல யாரையும் எனக்குத் தெரியாதேப்பா.”

“சரி, விடு,” என்றான். பாரோய் பசார் மாலாம் இரவுச் சந்தையில் நிறுத்தி, மகளுக்கு அப்பம் பாலிக் மூன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஐஸ் ரூமில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டபோது, புக்கிட் மெராந்தியில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரின் பெயர்கள் தேடினால் அதற்குள் கிடைத்தன.